மூக்கோடு குடித்தனம்

அய்ய, அதுல சோடா ஊத்தாதீங்க சார். ஐஸும் வேணாம். சப்ளையரைக் கேட்டா அவன் கோலாவையே கொண்டாந்து ஊத்துவான், அவனுக்கு என்னா தெரியும். கிளாஸை உள்ளங்கையில கொஞ்ச நேரம் வெச்சிருங்க, சூடு ஏறட்டும். தண்ணி ரெண்டு சொட்டு விட்டாப் போதும். அது மொலாசஸ்ல, சக்கரை எடுத்த மிச்சப் பாகுல எடுத்த ரம் இல்ல சார். கரும்புச் சாறுலேருந்து எடுத்தது, பாகூர் பக்கத்துக் கரும்பு. பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, போட்டிருப்பான்.

பக்கத்து டேபிள்காரன் ஓசிக்கு அடி போடறான்னு நினைக்காதீங்க. என் சரக்கு எங்கிட்ட இருக்கு, இதோ. உங்க கையில இருக்கிறது எம் பொண்டாட்டி பண்ண ரம்மு. அதைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல, அவ்ளோதான்.

பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. பொம்பள சாராயம் பண்ணான்னா அடுப்பை மூட்டிப் பானையை ஏத்திக் காய்ச்சினான்னு நினைப்பாங்க. எம் பொண்டாட்டி பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சார். மங்கையர்க்கரசின்னு பேரு. வீட்டுல அரசி. எம் பேரு தணிகாசலம். மில்லுல எலெக்ட்ரீஷியனா இருந்தேன். மில்லை மூடிட்டான். அப்பறம் வீடு, மனை புரோக்கர் வேலை. ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. குடித்தனம் அவ சம்பளத்துலதான் ஓடிச்சி. அதை நான் ஒத்துக்கறேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்ல.

அவ போன கம்பெனி அப்பல்லாம் சாதாரண சரக்குக் கம்பெனி. டேங்கர்ல ஸ்பிரிட் வாங்கி, தண்ணி, கலரு, எசன்ஸ் கலந்து பாட்டில்ல அடைப்பான். லேப்ல உக்காந்து அளவு சரியா இருக்கான்னு பாக்கறது இவ வேலை. அப்பறம் முதலாளி செத்துப்போயி அவர் தம்பி வந்தாரு. அந்துவான் மொசியே. மொசியேன்னா பிரெஞ்சுல சார். ரொம்ப வருஷம் ரெயூனியன் தீவுல இருந்தவரு. அங்க நம்ம ஆளுங்க நிறைய பேர் உண்டு, தெரியுமில்ல? அங்கயும் கரும்புதான், ரம்முதான். அவர் வந்ததும், "இந்த எசன்ஸ் தண்ணி எல்லாம் போதும், நம்ம கரும்புல நல்ல ரம் ஒண்ணு எடுக்கணும்"னு ஆரம்பிச்சாரு. செம்புக் கொப்பரை வந்துச்சி. மரப்பீப்பாய் கப்பல்ல வந்துச்சி. ஊரே வேடிக்கை பாத்துச்சி.

வெட்டின கரும்பை அன்னிக்கே ஆட்டணுமாம். ஆட்டின சாறை தொட்டியில விட்டுப் புளிக்க வெப்பாங்க. அது நுரைச்சிக்கிட்டுக் கிடக்கும். புளிச்சதும் கொப்பரையில ஏத்திக் காய்ச்சி வடிப்பாங்க. முதல்ல வடியறது ஆகாது, கடைசியில வடியறதும் ஆகாது. நடுவுல வர்றதுதான் சரக்கு. அந்த நடு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு சொல்றதுக்குத்தான் ஆள் வேணும். மீட்டர் இருக்கு, காட்டும். ஆனா மீட்டருக்கு மூக்கு இல்லையே.

முத தடவை காய்ச்சறப்ப, மொசியே கையில கிளாஸை வெச்சிக்கிட்டு யோசிச்சிக்கிட்டு நிக்கிறாரு. இவ தூரத்துல கணக்கு எழுதிக்கிட்டிருந்தவ, அங்க இருந்தே, "சார், நகப்பூச்சு வாசனை நின்னுடுச்சி, இப்ப பிடிக்கலாம்"னு சொல்லியிருக்கா. கிட்டக்கூட வரல. அவர் மோந்து பாத்தா, ஆமாம். அப்பறம் சாயங்காலம், "சார், அட்டை நனைஞ்ச மாதிரி வருது, நிறுத்திடுங்க"ன்னாளாம். அதுவும் சரி. அன்னிலேருந்து அவளை லேப்லேருந்து தூக்கிக் கொப்பரைகிட்ட போட்டுட்டாரு.

எனக்கு அது ஆச்சரியமே இல்ல சார். அவ மூக்கு எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதுசுல, நான் வாசல்ல செருப்பு விடறப்பவே உள்ள இருந்து, "மார்க்கெட் வழியா வந்தீங்களா, கருவாட்டுக் கடைகிட்ட நின்னீங்களா"ன்னு கேப்பா. அப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சி. பிரெண்ட்ஸைக் கூட்டியாந்து வேடிக்கை காட்டுவேன். ஒரு டம்ளர்ல தண்ணி வெச்சா அது எங்க வீட்டுக் குழாயா, பக்கத்து வீட்டு போர் தண்ணியான்னு சொல்லுவா.

அப்பறம்தான் அதுல இருக்கிற கஷ்டம் தெரிஞ்சிது. எல்லா பொம்பளைக்கும் கண்ணு இருக்கும், காது இருக்கும், வாய் இருக்கும். சமாளிச்சிக்கலாம். எனக்கு வாய்ச்சது மூக்கு சார். ஒரு மூக்கோட குடித்தனம் பண்ண முடியுமா, நீங்களே சொல்லுங்க. ஒரு பெக் போட்டுட்டு ஏலக்காய் மென்னுட்டு வந்தா, எந்த பிராண்டுன்னு சொல்லுவா. முத்தியால்பேட்டையில எனக்கு ஒரு சினேகிதம் இருந்துச்சி. அது வேற விஷயம், ஆம்பளைங்களுக்குள்ள பேசிக்கிறோம். அங்க போயிட்டு வந்தா, பாதி வழியில பம்புல கை கால் கழுவி, பீச்சுல காத்துல நின்னு, சட்டையை உதறித்தான் வருவேன். இவ ஒண்ணும் கேக்க மாட்டா. அதான் சார் கொடுமை. கேட்டுட்டா திட்டிட்டுப் போயிடலாம். கேக்க மாட்டா. சாப்பாடு போடுவா. படுக்கறப்ப பாயை அந்தாண்ட இழுத்துப் போட்டுக்குவா. அவ்ளோதான்.

வேலையை விடுன்னு சொன்னேன். சொல்லாம இருப்பனா? "பொண்டாட்டிக்கு ஆபீஸ்லயே ஊத்திக் குடுக்கறான், நீ ஏன்டா கடையில காசு குடுத்துக் குடிக்கிற"ன்னு டீக்கடையில கேக்கறானுங்க. அவ குடிக்க மாட்டா சார், அது எனக்கே தெரியும். வாயில விட்டு நாக்குல உருட்டிட்டுத் துப்பிடுவா. ஒரு சொட்டை உள்ளங்கையில விட்டுத் தேய்ச்சி, காஞ்சப்பறம் மோந்து பாப்பா. ஆனா ஊருக்கு அதெல்லாம் யாரு போயி சொல்றது? "நீ துப்பினா மட்டும் பத்தினியா"ன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். அவ, "என் வேலை அதுங்க"ன்னா. குரலே உசத்தல. அவளுக்குக் குரலை உசத்தத் தெரியாது. அதுவும் ஒரு வகைத் திமிர்தான்.

மூணு வருஷம் பீப்பாயில கிடந்துச்சி அந்த ரம்மு. நம்ம ஊர் வெயிலுக்கு பீப்பாயே பாதியைக் குடிச்சிடும்னு மொசியே புலம்புவாராம். எந்த பீப்பாயை எந்த பீப்பாயோட சேக்கணும்ங்கிறது இவ பொறுப்பு. ஒவ்வொண்ணுலயும் உறிஞ்சி எடுத்து, மோந்து, ருசி பாத்து, இது இவ்ளோ, அது அவ்ளோன்னு கலந்தா. அதுதான் உங்க கையில இருக்கிறது. முதல் கலவை. இன்னும் கொஞ்ச பாட்டில்தான் மிச்சம் இருக்குன்னு கேள்வி.

அதை வெளிய விட்டப்ப ஒரு விழா வெச்சாங்க. தை மாசம். மத்தியானம். கம்பெனி தோட்டத்துலயே பந்தல். பிரான்ஸ்லேருந்து ஆளுங்க, பம்பாய்லேருந்து ஆளுங்க, ஓட்டல்காரங்க. குடும்பத்தோட வரச் சொன்னாங்க, நானும் போனேன். புதுச் சட்டை, வேட்டி. இவ மேடையில நின்னா சார். கையில மைக்கு. கருநீலப் பட்டு, கல்யாணத்துக்கு எடுத்தது. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு கிளாஸு. "முதல்ல மூக்குகிட்ட கொண்டு போகாதீங்க, நெஞ்சுகிட்ட வெச்சி மெதுவா மேல கொண்டு வாங்க"ங்கிறா. வெள்ளைக்காரனெல்லாம் அதே மாதிரி செய்யறான். "மழை பெய்ஞ்ச மறுநாள் கரும்புக் காட்டுக்குள்ள போனா வர்ற வாசனை முதல்ல வரும். அது போனதும் கொய்யா. அப்பறம் நெல்லு ஊற வெச்ச தொட்டி. கடைசியில, ரொம்ப லேசா, புதுச் செருப்பு"ங்கிறா. மொசியே அதை பிரெஞ்சுல சொல்றாரு. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுத் தலையாட்டறான்.

எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சி. நான் உண்மையைச் சொல்றேன். ஆனா பக்கத்துல நின்ன ஓட்டல்காரன் ஒருத்தன், நான் யாருன்னு தெரிஞ்சதும், "உங்களுக்கு என்ன சார் வாசனை வருது"ன்னு கேட்டான். "சாராய வாசனைதான்"ன்னேன். கூட நின்ன அத்தனை பேரும் சிரிச்சிட்டாங்க. மேடையிலேருந்து இவளும் பாத்து சிரிச்சா. அப்பறம் கேட்டதுக்கு, "நான் சிரிக்கலைங்க, நீங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல"ன்னா. சிரிச்சா சார். நான் பாத்தேன்.

எனக்கு மனசு விட்டுப்போச்சி. கெளம்பி முத்தியால்பேட்டைக்குப் போயிட்டேன். ஒரு ஆம்பளை வேற எங்க போவான், சொல்லுங்க. பொழுது சாயற நேரத்துக்கு வண்டி எடுத்துக்கிட்டு வந்து அவளைக் கூட்டிக்கிட்டேன். பின்னாடி உக்காந்தா. வேற நாள்ல தோள்ல கை வெச்சிக்குவா. அன்னிக்கு வண்டிக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு வந்தா.

வீட்டுக்கு வந்து நான் சட்டையைக் கழட்டி நாக்காலியில போட்டேன். அவ அதை ரெண்டு விரலால தூக்கினா சார். ரெண்டு விரலால, எலி செத்துக் கிடந்தா தூக்கற மாதிரி. தனியா ஒரு பக்கெட்ல போட்டா. தன் துணியோட போடல. எனக்கு எப்படி இருக்கும்? மத்தியானம் ஊரே கை தட்டின பொம்பளை, என் சட்டையை ரெண்டு விரலால தூக்கறா. "என்னாடி மோந்து பாக்கற, சொல்லுடி மைக்குல"ன்னு தோளைப் பிடிச்சி லேசா தள்ளினேன்.

லேசாத்தான் சார். அடிக்கல. நான் கை நீட்டற ஆள் இல்ல, எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க. தள்ளினேன், அவ பின்னாடி போயி கதவு நிலையில பின்மண்டை பட்டுது. சத்தம் கொஞ்சம் பெருசா வந்துச்சி, நிலை தேக்கு. ரத்தம்லாம் வரல. ரத்தம் வந்திருந்தா நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். கொஞ்ச நேரம் உக்காந்தே இருந்தா. அப்பறம் போயி வாந்தி எடுத்தா. "விழாவுல நீயும் ஊத்திக்கிட்டியா"ன்னு கேட்டேன். நான் படுத்துட்டேன்.

காலையில எழுந்தா வீடெல்லாம் புகை. பால் பொங்கி, அடி பிடிச்சி, பாத்திரம் கருகிக்கிட்டிருக்கு. இவ அடுப்புக்குப் பக்கத்துலதான் நிக்கிறா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு. நான் ஓடியாந்து கேஸை அணைச்சேன். "மூக்கு இல்லையாடி உனக்கு"ன்னு கத்தினேன். பேச்சு வாக்குல வந்துடுச்சி. அவ என்னைப் பாத்தா. அந்தப் பாத்திரத்தைப் பாத்தா. குனிஞ்சி மூஞ்சியை அதுகிட்ட கொண்டு போனா, அப்படியே சுட்டுக்குற அளவுக்குக் கிட்ட.

அப்பறம் அவ பண்ணது இருக்கே. காபித்தூள் டப்பாவைத் திறந்தா. மூடினா. பெருங்காய டப்பா. சூடம். சாக்கடைக்குப் போடற பினாயிலு. என் சட்டை கிடந்த பக்கெட்டு. ஒண்ணு ஒண்ணா எடுத்து எடுத்து மோந்து பாத்துக்கிட்டு வீடு பூரா சுத்தறா. கடைசியில தன் தலைமுடியை இழுத்து மூக்குல வெச்சிக்கிட்டுக் கட்டில்ல உக்காந்துட்டா. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்துச்சி. "ஜலதோஷம்டி, ஆவி பிடி"ன்னேன். நானே வெந்நி வெச்சிக் குடுத்தேன் சார். அதையெல்லாம் அவ யார்கிட்டயும் சொன்னதில்ல.

ஜலதோஷம் இல்ல. பத்து நாள் ஆச்சி, மாசம் ஆச்சி, வரல. பாக்காத மாத்திரை இல்ல. கம்பெனியில மூச்சு விடல அவ. சொன்னா அடுத்த நாளே என்னா ஆகும்? மூக்குக்குத்தானே அந்த உத்தியோகம். காய்ச்சற இடத்துல வேலை செய்யறவங்க முகத்தைப் பாத்து, மீட்டரைப் பாத்து, பழக்கத்துல ஒப்பேத்திக்கிட்டிருந்தா. ருசி பாத்தா இனிப்பு, கசப்பு, காரம் தெரியுது, அவ்ளோதான், மத்ததெல்லாம் சுவரு மாதிரி இருக்குன்னு எங்கிட்ட சொல்லுவா. சாப்பாடே இறங்கல. பாதி ஆள் ஆயிட்டா.

ஒரு விஷயம் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. எங்களுக்குள்ள சண்டையே இல்லாமப் போச்சி. நான் எங்க போனேன், எங்க வந்தேன், அவளுக்குத் தெரியாது. பாயை அந்தாண்ட இழுக்கல. வீட்டுல நிம்மதி. கல்யாணம் ஆயி இத்தனை வருஷத்துல அப்படி ஒரு நிம்மதி எனக்கு இருந்ததில்ல.

சித்திரையில ரெண்டாவது கலவை பண்ணணும்னு மொசியே சொல்லிட்டாரு. முதல்ல பண்ணது கொஞ்சம். இது பெருசு, வெளிநாட்டுக்குப் போறது. இவளுக்கு வேற வழி இல்ல. ஒரு நாள் சாயங்காலம் கைப்பையில சின்னச் சின்ன பாட்டிலா எடுத்தாந்து மேசையில வரிசையா வெச்சா. "என்னங்க, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா"ன்னா. எங்கிட்ட சார். என்னை. "நீங்க மோந்து பாத்து சொல்லுங்க. குடிக்க வேணாம். மோந்து மட்டும் சொல்லுங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க"ன்னா.

அந்த ஒரு மாசம்தான் சார் நாங்க புருஷன் பொண்டாட்டியா வாழ்ந்தோம். தினம் சாயங்காலம் எதிரெதிரே உக்காருவோம். நான் மோந்து பாப்பேன், அவ என் முகத்தையே பாத்துக்கிட்டிருப்பா. அப்படி ஒரு பார்வை அவ என்னை என்னிக்கும் பாத்ததில்ல. "கரும்புத் தோகை மாதிரி வருதா? பச்சையா, காஞ்சதா?" "பழம் வருதா? வாழைப்பழமா, கொய்யாவா? யோசிச்சி சொல்லுங்க." நான் சொல்லுவேன். எனக்கும் வாசனை தெரியும் சார், இத்தனை வருஷமா குடிக்கிறேன். சில சமயம் சரியா சொன்னா அவ கண்ணு கலங்கிடும். "ஆமாங்க, அதான், அதான்"னு என் கையைப் பிடிச்சிக்குவா.

அவ உள்ள போற நேரம் பாத்து ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய் போட்டுக்குவேன். அது வேற விஷயம். வெறும் மூக்கால என்னா தெரியும்? உள்ள போனாத்தானே தெரியும். அவளுக்குக் கண்டுபிடிக்கவும் முடியாது. அளவு குறையுதேன்னு ஒரு நாள் கேட்டா. ஆவியாகிடுச்சின்னேன்.

ஏழாம் நம்பர் பீப்பாயோட பாட்டிலைக் குடுத்துட்டு, "இதுல ஈரச் சாக்கு வாசனை ஏதாவது இருக்கா, நல்லா பாத்து சொல்லுங்க, அந்த பீப்பாய் மேல மழைத்தண்ணி ஒழுகியிருக்கு"ன்னு ரெண்டு தடவை கேட்டா. அன்னிக்கு நான் ஏற்கெனவே ஆறு பாட்டில்ல வாய் வெச்சிருந்தேன். எனக்கு எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சி. "பிரமாதம் அரசி, இருக்கிறதுலயே இதுதான் டாப்பு"ன்னேன். அவளும் நம்பி அதைக் கூடுதலா சேத்துட்டா.

கலந்து வெச்ச மொத்த டேங்கும் போச்சி சார். பாட்டில்ல அடைக்கறதுக்கு முன்னாடி மொசியே ஒரு கிளாஸ் எடுத்தாராம். மூக்குகிட்ட கொண்டு போனதும் முகம் மாறிடுச்சாம். "என்னம்மா இது, பூசணம் பிடிச்ச நாத்தம் அடிக்குதே"ன்னு அவகிட்ட நீட்டியிருக்காரு. இவ வாங்கினா, மோந்து பாத்தா, பாக்கற மாதிரி பாத்தா. அப்பறம் கிளாஸைக் கீழ வெச்சிட்டு, "எனக்கு மூக்கு போயி அஞ்சு மாசம் ஆச்சி சார்"னு சொல்லிட்டாளாம். அத்தனை வேலைக்காரங்க முன்னாடி.

வீட்டுக்கு வந்தா. "அன்னிக்கு நீங்க குடிச்சிட்டுத்தானே சொன்னீங்க"ன்னு கேட்டா. "ரம்மை வேற எப்படிடி பாக்கறது"ன்னேன். தப்பா? நான் என்னா அதுக்குப் படிச்சவனா? அவ படிச்சவ, அவ இல்ல ஜாக்கிரதையா இருந்திருக்கணும்?

சரி, மொசியே வேலையை விட்டுத் தூக்குவான், இவ வீட்டுல கிடப்பான்னு பாத்தா, அந்தாளு தூக்கல. கார் எடுத்துக்கிட்டு வந்து, "வாம்மா, பெரிய டாக்டர்கிட்ட காட்டலாம்"னு கூப்பிடறாரு. அந்தாளுக்கு என்னா அக்கறை? நானும் கூடவே ஏறிக்கிட்டேன். பின்ன, பொண்டாட்டியைத் தனியா அனுப்புவனா?

டாக்டர் ஒரு வயசான அம்மா. கிராம்பு, எலுமிச்சை, காபின்னு ஒண்ணொண்ணா மூக்குகிட்ட நீட்டினாங்க. இவ கண்ணை மூடிக்கிட்டு, இல்ல, இல்ல, இல்லன்னே சொன்னா. ஸ்கேன் எடுத்தாங்க. "மூக்குலேருந்து மூளைக்குப் போற நரம்பு நூல் மாதிரி இருக்கும். தலைக்குப் பின்னாடி பலமா அடிபட்டா அறுந்துடும். எங்கயாவது விழுந்தீங்களா"ன்னு கேட்டாங்க. நான் சட்டுனு, "ஆமா டாக்டர், பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா"ன்னேன். ஒரு குடும்ப மானத்தைக் காப்பாத்தணுமில்ல. எந்தப் புருஷனும் அதைத்தான் சொல்லுவான்.

இவ, "இல்ல டாக்டர்"ன்னா.

"இவர் தள்ளினார். தை மாசம். நிலையில பட்டுது. அன்னிக்கு வாந்தி எடுத்தேன். மறுநாள் காலையிலேருந்து எதுவும் தெரியல."

லேப்ல ரீடிங் சொல்ற மாதிரி சொன்னா சார். அழுதுக்கிட்டு சொல்லியிருந்தாகூட எனக்கு மனசு ஆறியிருக்கும். மூணாவது மனுஷங்க முன்னாடி சொல்லிட்டா. டாக்டரு எழுதற பேனாவை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. அந்துவான் மொசியே சுவரைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அவர் கண்ணுல தண்ணி. என் பொண்டாட்டிக்கு அவன் என்னாத்துக்கு சார் அழறான்? அதை யாராவது கேட்டாங்களா? "திரும்ப வருமா டாக்டர்"னு அவருதான் கேட்டாரு. "இவ்ளோ மாசம் ஆயிடுச்சே, நம்பிக்கை குடுக்க முடியாது"ன்னாங்க.

அன்னிக்கு அவ வீட்டுக்கு வரல. அவ தம்பி குலோத்துங்கன், எம் மச்சான், பாகூர்ல இருக்கான், அவன் வீட்டுக்குப் போயிட்டா. ஒரு வாரம் கழிச்சி அவன் மட்டும் வந்து அவ துணிமணி, சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனான். "மாமா"ன்னுகூடக் கூப்பிடல. "கையை ஓங்காம நிக்கிறேன்னா அக்கா சொல்லியிருக்குன்னுதான்"ன்னான். பேச்சைப் பாத்தீங்களா?

நான் விட்டுக்குடுக்கலாம்னுதான் இருந்தேன். பெரிய மனுஷன் நான்தானே. இந்த வருஷம் மாசியில, கரும்பு வெட்டு நடக்கறப்ப, நல்ல சட்டை போட்டுக்கிட்டு கம்பெனிக்கே போனேன். அவளை இப்ப வாசல் கேட்டுல போட்டிருக்காரு அந்தாளு. கரும்பு லாரி வந்தா, ஒரு கரும்பை உருவி, சாறு புழிஞ்சி, ஒரு சின்னக் குழாய்ல விட்டு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சிப் பாத்தா இனிப்பு எவ்ளோன்னு காட்டும். அதைப் பாத்து லாரியை உள்ள விடணும். மூக்கு வேணாத வேலை.

போறதுக்கு முன்னாடி தைரியத்துக்கு ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிட்டேன். அவளுக்குத் தெரியப் போறதில்லையே.

என்னைப் பாத்ததும் அவ பயப்படல, ஒண்ணும் பண்ணல. "என்ன"ன்னா. நான் பொறுமையா எடுத்து சொன்னேன் சார். "அரசி, நான் குடியை விட்டுட்டேன். முத்தியால்பேட்டைப் பக்கம்கூடப் போறதில்ல. நடந்தது நடந்துடுச்சி. யோசிச்சிப் பாரு, நமக்குள்ள சண்டைக்கு என்னா காரணம்? உன் மூக்கு. இப்ப அது இல்ல. இனிமே நாம நிம்மதியா இருக்கலாம், வா"ன்னேன். இதுல தப்பா ஒரு வார்த்தை இருக்கா? நியாயமா இல்ல?

அவ கையில இருந்த குழாயைக் கீழ வெச்சா. அப்பறம் திரும்பி, "வேதவல்லி, இங்க வா"ன்னு கூப்பிட்டா. கேட்டுல நிக்கிற செக்யூரிட்டி பொம்பளை. காக்கி சட்டை, கையில பிரம்பு. வந்தா.

"இவர் பக்கத்துல வந்து நில்லு."

அது நின்னுச்சி.

"என்ன வாசனை வருது?"

"வேணாம் மேடம்"னுச்சி அது, என்னைப் பாத்துட்டு, தரையைப் பாத்துட்டு.

"சொல்லு வேதவல்லி."

"குடிச்சிருக்காரு மேடம்."

"சரி"ன்னா அரசி. அவ்ளோதான். திட்டல. அழல. சரின்னு ஒரு வார்த்தை. திரும்பி வேலையைப் பாக்கப் போயிட்டா. தாலி கட்டின புருஷனை ஒரு செக்யூரிட்டி பொம்பளையை விட்டு மோந்து பாக்க வெச்சிட்டுப் போயிட்டா சார்.

டைவர்ஸ் கேட்டுக் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கா. நடக்குது. நடக்கட்டும், நான் சம்மதம் குடுக்கப் போறதில்ல. எத்தனை வருஷம் இழுத்தாலும் சரி. அதுகூட எனக்குப் பெருசா இல்ல.

அன்னிக்கு நான் உடனே வந்துடல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்து நிழல்ல நின்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தேன். லாரி மேல லாரி வருது. வெயிலு. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு லாரியிலேருந்தும் ஒரு கரும்பை இழுக்கறா, புழியறா, அந்தக் குழாயை மேல தூக்கி ஒரு கண்ணை மூடிப் பாக்கறா. ஒரு டிரைவர், வயசான ஆளு, ஏதோ சொன்னான். என் காதுல விழல. என்னா சொன்னானோ, அவ வாயை மூடிக்காம, தலையைப் பின்னாடி சாய்ச்சி சிரிச்சா. எங்கிட்ட அப்படி சிரிச்சதே இல்ல. ஒரு நாள்கூட இல்ல.

அதைத்தான் சார் என்னால தாங்க முடியல. அவ்ளோ பெரிய உத்தியோகம் போச்சி. சாப்பாட்டு ருசி போச்சி. பூ வெச்சா வாசனை தெரியாது, வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாத் தெரியாது. மூக்கு போனவளுக்கு என்னா சார் சிரிப்பு?